என் காடு, நம்ம காசு

"என்ன தாயி, வெளையாடுறியா?" என்று கேட்டுவிட்டுக் கமிஷன் கடை முதலாளி சிரித்தார்.

நான் விளையாடவில்லை. கையில் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தேன். அது பூக் கொண்டுவந்த பை இல்லை, பணம் கொண்டுபோக வந்த பை. அதற்குள் இன்னொரு சின்னப் பை, அதற்குள் இரண்டு ரப்பர் பேண்டு. அவ்வளவு முன்யோசனைக்காரி நான்.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் அந்த நேரத்துக்குக் காலை வியாபாரம் பாதி முடிந்திருக்கும். காலடியில் நசுங்கிய செவ்வந்தி, ஈரச் சாக்கு வாடை, எவனோ தராசுத் தட்டைத் தட்டிக்கொண்டே விலை கூவுகிற சத்தம். அத்தனைக்கும் நடுவில் நின்று சொன்னதையே திரும்பச் சொன்னேன்.

"மூணு வருசமா ஒங்க கடையில விட்டு வச்ச காசு மொதலாளி. அறுபத்து மூவாயிரம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"அதான் ஒங்க வீட்டுக்காரரு வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே. ரெண்டு மாசம் ஆச்சு. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

"அது என் காசு மொதலாளி."

"காட்டுக்காரரு வந்து கேட்டா நான் குடுக்காம இருக்க முடியுமா தாயி? நோட்டுல அவரு பேருதான இருக்கு."

பின்னால் மூட்டையோடு நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பெண்டாட்டி ஒளித்துவைத்ததைப் புருஷன் கண்டுபிடித்த கதை அவர்களுக்கு வேடிக்கைதானே. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது. இதை எழுத இத்தனை அழுத்திப் பேனாவைப் பிடிக்க வேண்டியதில்லை. இருந்தும் பிடித்திருக்கிறேன்.

விட்டு வைப்பது என்றால்

பூக்காடு இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மல்லிகை போட்டிருந்தோம். பொழுது விடியுமுன் காட்டில் இறங்கி மொட்டுப் பறித்து, முதல் பஸ்ஸில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவேன். கமிஷன் கடைக்காரர் எடை போட்டு, விற்று, நூற்றுக்குப் பத்து கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். தினமும் கையில் காசு புரளும். தினமும் புரளுகிற காசு தங்காது என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் ஒரு வழி வைத்திருந்தோம். அன்றைய காசில் நூறோ இருநூறோ வாங்காமல் கடையிலேயே விட்டுவிடுவது. "இதுல நூறு புடிச்சு வைங்கண்ணே" என்று கணக்குப் பார்ப்பவரிடம் சொன்னால் நோட்டில் ஏற்றிக்கொள்வார். பெண்ணுக்குத் தோடோ, கூரைக்குத் தகரமோ, ஏதாவது பெரிய செலவு வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

வட்டி கிடையாது. ரசீது கிடையாது. கேட்டால் முதலாளி கோபித்துக்கொள்வார் என்று நாங்களே கேட்பதில்லை. "வீட்ல இருந்தா ஆம்பளக கண்ணுல படும், பேங்குல போட்டா பாரம் பூர்த்தி பண்ணணும், கடையில இருந்தா பத்திரம்" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வோம். எங்கள் ஊரில் விவரமான பெண் என்றால் கடையில் விட்டு வைப்பவள். நானும் மூன்று வருஷம் விவரமாக இருந்தேன்.

மழைக்காலத்தில் மொட்டு குறைந்து கால் கிலோ அரைக் கிலோ வந்த நாட்களில்கூட ஐம்பது ரூபாய் விட்டேன். பஸ்ஸுக்குக் காசு எடுத்துவைத்துக்கொண்டு டீ குடிக்காமல் வந்த நாட்கள் உண்டு. முதுகு வலிக்கு மாத்திரை வாங்காமல் விட்டிருக்கிறேன். அந்த மாத்திரைக் காசும் அந்த நோட்டில்தான் ஏறியிருந்தது.

எதற்காக என்றால், எனக்கே எனக்கென்று அரை ஏக்கர் வேண்டும் என்று ஒரு ஆசை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த சின்னத்தாயி அக்கா, மகனோடு திருப்பூருக்குப் போகத் தீர்மானித்திருந்தார். கிணற்றுப் பங்கோடு அரை ஏக்கர் நிலத்தை அறுபதாயிரத்துக்கு ஒத்திக்கு விடுகிறேன் என்றார். மொத்தமாகப் பணத்தைக் கொடுத்தால் அவர் திருப்பித் தரும் வரைக்கும் நிலத்தில் நாம் வெள்ளாமை எடுக்கலாம், வட்டிக்குப் பதில் வெள்ளாமை. என் பெயரில் பத்திரம் எழுதி, என் பெயரில் செடி வைத்து, அதில் வரும் காசு யாரிடமும் கேட்க வேண்டாத காசாக இருக்கும் என்று மூன்று வருஷமாகக் கனவு கண்டிருந்தேன்.

"ஒனக்காகத்தான் ராசாத்தி வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுக்குறேன். அதுக்கு மேல என் மகன் விடமாட்டான்" என்று அக்கா சொல்லியிருந்தார். நான் மார்க்கெட்டில் நின்றது புதன்கிழமை.

தலையில் தட்டு

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு மாதம், இரண்டு மாதம் என்று முதலாளி சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காந்திகிராமம் ஸ்டாப்பில் பஸ் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் என் நாத்தனார் செல்வியின் மகளுக்குக் காதணி விழா.

எங்கள் பக்கத்தில் காதணி விழா என்றால் தாய்மாமன் சீர்தான் பேச்சு. காது குத்துகிற குழந்தையை இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள், மாமன் எத்தனை தட்டு கொண்டுவந்தான் என்பதைப் பத்து வருஷம் மறக்கமாட்டார்கள். என் வீட்டுக்காரர் முருகேசன்தான் தாய்மாமன். மண்டபத்து வாசலில் அவர் கைகூப்பி நிற்கிற ஃபிளெக்ஸ், ஆளுயரத்துக்கு. சிங்கம் ஒன்றும் பக்கத்தில் நின்றது. அவருக்கும் சிங்கத்துக்கும் என்ன பழக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அய்யலூர்ச் சந்தையில் பிடித்த கிடா இரண்டு, கழுத்தில் மாலையோடு. தப்பாட்டக்காரர்கள். சரவெடி. ஐம்பத்தொரு தட்டு. தட்டுச் சுமக்கிற பெண்களுக்கு ஒரே நிறத்தில் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை. எல்லோருக்கும் முன்னால், பட்டுப்பாவாடையும் தங்கத்தோடும் வைத்த தட்டைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தவள் நான்.

"எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று அன்று ராத்திரி கேட்டதற்கு, "கடையில அட்வான்ஸ் குடுத்தாங்க" என்றார். நானும் பெருமைப்பட்டேன். என் புருஷனை நம்பி ஒரு கடைக்காரர் அத்தனை பணம் தருகிறாரே என்று.

காதில் பூச் சுற்றுவது என்பார்கள். எனக்குச் சுற்றியது நானே பறித்த பூ.

அந்தப் பஸ்ஸில் நான் அழவில்லை. ஒவ்வொரு தட்டாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். ஆப்பிள் தட்டு, சாக்லேட்டில் கோபுரம் கட்டின தட்டு, வளையல் தட்டு. அந்தச் சாக்லேட் கோபுரம் மண்டபத்து வெக்கையில் உருகி, கடைசியில் தட்டோடு கழுவி ஊற்றினார்கள். அதில் எத்தனை நாள் விடியல் போயிற்று என்று கணக்குப் போட்டேன்.

அவர் சொன்ன பதில்

வீட்டுக்கு வந்தபோது அவர் காட்டில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றே கேட்டேன்.

"கடையில இருந்த என் காச எடுத்தீங்களா?"

அவர் மம்பட்டியை நிறுத்தவில்லை. "எடுத்தேன். ஒங்கிட்டச் சொன்னா நீ குடுத்திருக்க மாட்ட."

"அப்ப என் காசுன்னு தெரிஞ்சுதான் எடுத்திருக்கீங்க."

"என்ன ஒங்காசு எங்காசு? நம்ம காசுதான? நான் போயி அட்வான்ஸ்தான் கேட்டேன். மொதலாளிதான், ஒங்க வீட்ல இம்புட்டு விட்டு வச்சிருக்காங்களேன்னு எடுத்துக் குடுத்தாரு. அதுக்கு மேல ஒரு நாப்பதுதான் அட்வான்ஸா வாங்கினேன். ஒரு தங்கச்சி. ஊரு என்ன சொல்லும்?"

ஊருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்ல மட்டும் ஒன்றும் இல்லை.

அதுவல்ல என்னைக் கொளுத்தியது. போன மாதம் சர்வேயர் வந்தபோது வரப்பு விஷயத்தில் நான் ஏதோ சொல்லப்போக, "இது எங்காடு, நீ சும்மா இரு" என்று அத்தனை பேர் நடுவில் அதட்டிய அதே வாய்தான் இது. பட்டாவில் வரும்போது 'என் காடு'. அந்தக் காட்டில் நான் குனிந்து எடுத்தது மட்டும் 'நம்ம காசு'. இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை வீட்டில் எத்தனை பெண்களின் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்!

அவர் குடிகாரர் இல்லை. கைநீட்டி என்னை அடித்தவர் இல்லை. ஊரில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். அதனாலேயே என் கோபத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால், "தங்கச்சிக்குத்தான செஞ்சாரு, கூத்தியாளுக்கா செஞ்சாரு?" என்று கேட்பார்கள். ஒருத்தி அப்படியே கேட்டாள்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. அட்வான்ஸ் வாங்கினால் அது அடைகிற வரைக்கும் வேறு கடைக்குப் பூப் போடக் கூடாது. அந்த அட்வான்ஸ் எங்கிருந்து வருகிறது? என்னைப்போலப் பல பெண்கள் வட்டியில்லாமல் விட்டு வைத்த காசிலிருந்து. எங்கள் காசை எடுத்து எங்கள் வீட்டு ஆம்பளைக்கே கொடுத்து, எங்களையே கட்டிப்போட்டிருந்தார் அந்த முதலாளி. மூன்று வருஷமாக அந்தக் கயிற்றை நானே திரித்துக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னத்தாயி அக்கா வந்தார். வேறு ஒருவர் பணத்தோடு நிற்பதாகச் சொன்னார். "சரிக்கா" என்றேன்.

மூன்று சாயங்காலம்

சனிக்கிழமை விடியற்காலை எனக்கு முழிப்பு வந்தது. எழுந்திருக்கவில்லை.

"நேரமாச்சு, எந்திரி" என்றார்.

"ஒங்க காடுதான? நீங்க பறிங்க."

கோபத்தில் போனார். மல்லிகை மொட்டுப் பறிப்பது லேசு என்று தூரத்தில் நின்று பார்க்கிற எல்லோரும் நினைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒன்றரைக் கிலோ கொண்டுவந்தார், அதில் பாதி பிஞ்சு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், கூலிக்கு ஆள் கேட்டு ஊருக்குள் போனார். பங்குனிக் கடைசி, செடியெல்லாம் மொட்டு தள்ளுகிற நேரம். யார் சும்மா இருக்கிறார்கள்?

பறிக்காத மொட்டு சாயங்காலம் செடியிலேயே விரிந்துவிடும். விரிந்த பூவை மார்க்கெட்டில் சீந்த ஆள் இல்லை. அன்று பொழுது சாயச் சாயக் காடு முழுக்க வெள்ளையாக வெடித்தது. வாசம் வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானை வரைக்கும் ஏறியது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் நகரவில்லை. சீரில் ஐம்பத்தொரு தட்டு போகலாம் என்றால் இதுவும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு என்னதான் வேணும்?"

"அறுபத்து மூவாயிரம்."

"எங்க போறது அதுக்கு?"

"அப்ப கூலி குடுங்க. வெளியாளு பறிச்சா கிலோவுக்கு என்ன குடுப்பீங்களோ அத எனக்குக் குடுங்க. அன்னன்னைக்கு, என் கையில."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். காட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

'புருசன் காட்டுல கூலிக்குப் போறா' என்று ஊர் சொன்னது. குழாயடியில் ஒருத்தி, "சோத்துக்கும் காசு வாங்குவியாடி?" என்றாள். வாங்கியிருக்க வேண்டும். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் வாரக் கூலியோடு தபால் ஆபீஸ் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் வரலியாம்மா?" என்றார். "காசு போட வந்தது நான். அவரு எதுக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்புக்கில் என் பெயரை அவர் எழுதுகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மாதா மாதம் ஆர்.டி. கட்டினேன். முதிர்ந்ததை எடுத்து டெபாசிட் போட்டேன். கடை அட்வான்ஸ் அடைய இரண்டு வருஷம் ஆயிற்று. அடைந்த மறுநாளே கடையை மாற்றினோம். அரை ஏக்கர் ஒத்திக்கு எடுக்க எனக்கு மேலும் ஐந்து வருஷம் பிடித்தது. சின்னத்தாயி அக்காவின் நிலம் இல்லை, அதைவிட மட்டமான மண். கிணறும் கிடையாது, பக்கத்துக் காட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறேன். அந்த ஏழு வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்? அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

எதில் போடலாம் அக்கா?

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் பெண்கள் பலர் கேட்பது ஒரே கேள்வி. "கையில் கொஞ்சம் இருக்கிறது, எதில் போட்டால் நல்லது?" தங்கமா, சீட்டா, இன்ஷூரன்ஸா, செல்போனில் வருகிறதே அந்த ஃபண்டா?

நான் எட்டாம் வகுப்பு. எது எத்தனை சதவீதம் தரும் என்று சொல்ல என்னைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. யார் பேரில் போடப்போகிறாய்? எடுக்க வேண்டுமானால் யார் கையெழுத்துப் போட வேண்டும்? அதன் ரகசிய நம்பர் யாருக்குத் தெரியும்? இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால், நீ சேர்ப்பது உன் காசு இல்லை தாயி. நாளைக்கு வேறு யாரோ நீட்டப்போகிற சீர்த்தட்டு.

இப்போது மாதம் பிறந்தால், ஒத்திக்குக் கொடுத்தது போக மிஞ்சிய டெபாசிட்டின் வட்டி என் கணக்கில் விழுகிறது. பெரிய தொகை இல்லை. பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் வெளியூரில் இருக்கிற என் மகளைப் பார்க்கப் போகவும் யாரிடமும் கைநீட்ட வேண்டாத தொகை.

செல்வி கொண்டுவந்த முடிச்சு

போன மாதம் செல்வி வந்தாள். காதணி விழாக்காரி. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். அடுப்படிக்குள் வந்து, முந்தானையில் முடிந்திருந்த நோட்டுகளை எடுத்து என் கையில் திணித்தாள்.

"மதினி, இத நீங்களே வச்சிருங்க. அவருக்குத் தெரிஞ்சாப் போயிரும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "நான் என்ன கமிஷன் கடையா?" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோனாள். "ஆதார் அட்டைய எடுத்துட்டு வா. ஒம்பேர்ல போட்டுட்டு வருவோம்."

பாஸ்புக் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். முன்கட்டில் கண்ணாடி போட்ட அந்தப் படம் மாட்டியிருந்தது. சீர் ஊர்வலம். முன்னால் நான், தலையில் தட்டு. எத்தனையோ தடவை பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போன படம். அன்று நின்று பார்த்தேன். அந்தத் தட்டு என் காசு என்பதை அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

செல்வி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமே மதினி. அண்ணே சொல்லுச்சு. ஒங்களுக்கும் தெரிஞ்சுதான் செய்யிறீங்கன்னு நெனச்சேன். அம்புட்டுச் சந்தோசமாச் சிரிச்சுக்கிட்டு வந்தீங்களே!"

ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினேன். "இது எனக்கு வேணும்" என்றேன். அவள் மறுக்கவில்லை.

இப்போது அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்து என் பீரோவுக்குள், கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். திறந்தால் முதலில் தெரிகிறவள் அன்றைக்கு இருந்த நான். புதுச் சுங்குடிச் சேலை, தலையில் தட்டு, வாய் நிறையச் சிரிப்பு. அவளை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் பாஸ்புக்கை எடுக்கிறேன்.